இரண்டு பேருக்கு ஒரே நெஞ்சுப் படம்

காட்டேரிக்குப்பம்
4 மார்ச் 2024

சார்லஸுக்கு,

போனில் பேசலாம் என்றால் இரண்டு தடை. நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். செய்யாமல் இருந்தாலும் என்னால் நான்கு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடிவதில்லை. எழுதுவதில் ஒரு வசதி. மூச்சு வாங்கினால் பேனாவை வைத்துவிட்டுச் சும்மா உட்காரலாம், எதிரில் யாரும் "ஹலோ, ஹலோ" என்று கத்தமாட்டார்கள். உன் விலாசத்தை உன் மச்சானிடம் கேட்டு வாங்கினேன். அவனைத் திட்டாதே.

போன மாதம் நான் கேட்டபோது "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லண்ணா" என்றாய். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே எழுதுகிறேன்.

2019 ஆகஸ்டில் நம் கல்குவாரிக்கு எக்ஸ்ரே வண்டி வந்தது. மேஸ்திரி மணிவண்ணன் வரிசையைப் பார்த்து, "எவன் நெஞ்சுல புள்ளி கீதோ அவன் சீட்டைக் கிழிச்சுருவேன், அப்பால வூட்டப் பாத்துக்கினு போயிக்கினே இருக்கணும்" என்றான். எனக்கு அப்போதே இருமல். உன்னிடம் வந்து, என் பேருக்கும் நீயே நின்றுவிடு என்றேன். நீ என் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி வரிசைக்குப் போனாய். உள்ளே போனதும் சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். மாற்றிய சட்டைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அதைச் சொல்லிச் சொல்லி நீ மத்தியானச் சோறு வரைக்கும் சிரித்தாய். இப்போது ஞாபகம் வருகிறதா?

உன் நெஞ்சு சுத்தம். அதனால் என் பேரிலும் சுத்தம் என்று எழுதிவிட்டார்கள். நான் மேலும் இரண்டு வருஷம் பாறையில் துளை போட்டேன். அப்புறம் படுக்கையில் விழுந்தேன். டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். குணமாகவில்லை என்று இன்னொரு ஆறு மாதம் கொடுத்தார்கள். வீட்டில் எனக்கென்று தனித் தம்ளர் வந்தது. கடைசியில் டாக்டர் சுவேதா என்று ஒரு சின்னப் பெண், படத்தைப் பார்த்த உடனே கேட்டது: "கல்லு வேலையா பாத்தீங்க?" இது டிபி இல்லை, கல் புழுதி என்றது. அதை வைத்து மனுப் போட்டேன். நான் பாண்டிக்காரன், குவாரி தமிழ்நாடு என்று சொல்லி இரண்டு பக்கமும் ஒரு வருஷம் அலையவிட்டார்கள். போன மாதம்தான் மருத்துவக் குழு கூப்பிட்டது. அவர்கள் பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, குவாரியில் பதினான்கு வருஷம் வேலை பார்த்த பிறகும் நெஞ்சு இவ்வளவு சுத்தமாக இருந்திருக்கிறது, ஆகவே இந்த வியாதி குவாரியில் வந்ததில்லை என்கிறார்கள். பீடி குடிப்பாயா என்று கேட்டார்கள். நான் பீடி தொட்டதில்லை என்பது உனக்குத் தெரியும்.

குவாரிப் புழுதியால் வந்த வியாதி என்று அவர்கள் ஒரு காகிதம் கொடுத்தால் ஆக்சிஜன் மெஷின் வீட்டுக்கு வரும். எனக்குப் பிறகு விஜயகுமாரிக்கு மாதாமாதம் ஏதோ வரும். கொடுக்காவிட்டால் அவள் முட்டிவலியோடு கரும்பு வெட்டத்தான் போகவேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

ஏப்ரல் 10 மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். நீ வந்து, "அது என் நெஞ்சு" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

தணிகைவேல்


தவளக்குப்பம்
13.3.2024

தணிகை அண்ணாவுக்கு,

போஸ்ட்மேன் உங்கள் கடிதத்தை சகாயராணி கையில் கொடுத்துவிட்டார். அவள் படித்துவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தாள். "ஆள் மாறாட்டம் பண்ணிட்டு இத்தினி வருசமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ" என்று மூன்று நாளாக வீட்டில் இதே பேச்சுதான். அடுத்து எழுதுவதாக இருந்தால் ஸ்கூல் விலாசத்துக்கு எழுதுங்கள். எழுதாமல் இருந்தால் இன்னும் நல்லது.

நம்பரை பிளாக் செய்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு நீங்கள் பதினேழு தடவை கூப்பிட்டீர்கள். நான் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன், பின்னால் இருபத்திரண்டு பிள்ளைகள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் போன் அடிக்கிறது, பிள்ளைகள் "அங்கிள் போன், அங்கிள் போன்" என்று கத்துகிறார்கள்.

எல்லாம் ஞாபகம் இருக்கிறது அண்ணா. யார் நிற்கச் சொன்னார்கள் என்பதும் ஞாபகம் இருக்கிறது. கெஞ்சிக் கேட்டீர்கள், நின்றேன். இப்போது நானே ஆபீசுக்குப் போய், "அய்யா, உங்களை ஏமாத்தினவன் நான்தான்" என்று சொல்ல வேண்டுமாம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான். ஆள் மாறாட்டம் என்று ஒரு கேஸ் எழுதினால் மறுநாளே ஸ்கூலில் வேன் சாவியை வாங்கிக்கொள்வார்கள். இந்த வேலைக்கு வருஷா வருஷம் உடம்பு தகுதிச் சான்று வேறு கேட்கிறார்கள். அதை எப்படி வாங்குகிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. நான் குவாரிக்கு வந்தபோது எனக்கு என்ன வேலை? நீங்கள் மெஷினைப் பிடித்துப் பாறையில் குழி போடுவீர்கள், நான் குழியில் தண்ணீர் ஊற்றுவேன். தண்ணீர் ஊற்றினால் புழுதி எழும்பாது, சேறாக வழிந்துவிடும். ஆனால் சேறு கட்டி கம்பி சிக்கும், ஒரு நாளைக்கு இத்தனை அடி என்கிற கணக்கு குறையும். எக்ஸ்ரே வண்டி வந்துபோன அடுத்த மாதம் நீங்கள்தானே சொன்னீர்கள்: "டேய், அந்தக் கொடத்தை ஓரமா வெச்சுட்டு நீயும் ஒரு மெஷினைப் புடி. ரெண்டு பேரா அடிச்சா வெயிலுக்கு முன்னாடி வூட்டுக்குப் போலாம்." அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நானும் காய்ந்த குழிதான் அடித்தேன். முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான். சாயங்காலம் இரண்டு பேரும் மாவு மில்லிலிருந்து வருகிற மாதிரி வருவோம். நான் அதற்காக யார் மேலாவது மனுப் போட்டேனா?

எனக்கும் உடம்பு ஒன்றும் பிரமாதமாக இல்லை. கேஸ் ட்ரபிள். படுத்தால் நெஞ்சை அடைக்கிறது, இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூங்குகிறேன். மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு என் வேலையைப் பார்க்கிறேன். நீங்களும் மனதைத் தளரவிடாதீர்கள். ஆண்டவர் இருக்கிறார்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சார்லஸ்


காட்டேரிக்குப்பம்
19 மார்ச் 2024

சார்லஸுக்கு,

நீ எழுதியது சரி. குடத்தை ஓரமாக வைக்கச் சொன்னவன் நான்தான். வாதம் செய்ய மாட்டேன்.

உனக்கு முன்னால் ஏழு வருஷம் நான் காய்ந்த குழி அடித்தவன். எனக்கு அது பழகிப்போயிருந்தது. வெல்லக்கட்டி ஞாபகம் இருக்கிறதா? சனிக்கிழமை ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்பான் மணிவண்ணன். "இத்தத் தின்னா உள்ள போன புழுதியெல்லாம் இறங்கிடும்" என்பான். நானும் நம்பினேன். வீட்டில் பாயசத்துக்கு வெல்லம் இல்லாத நாளிலும் என் கட்டியை யாருக்கும் தரமாட்டேன். டாக்டர் சுவேதாவிடம் இதைச் சொன்னபோது அந்தப் பெண் சிரிக்கவில்லை. "வெல்லம் வயித்துக்குப் போவுது. புழுதி நெஞ்சுக்குப் போவுது. ரெண்டுக்கும் வழியே வேறங்க" என்றது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாற்பத்தாறு வயது ஆக வேண்டியிருந்தது.

அது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கல் புழுதி உள்ளே போனால் வெளியே வராது. தங்கின இடத்தில் தழும்பு கட்டும். நாம் வேலையை விட்டுவிட்டாலும் அது தன் வேலையை விடாது. கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரல் முற்றிய பீர்க்கங்காய் மாதிரி ஆகிவிடும், உள்ளே வெறும் நார். அந்த நார் வழியாக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் வீங்கிப்போகும். அப்புறம் கால் வீங்கும். எனக்குக் கால் வீங்கி ஒன்பது மாதம் ஆகிறது. செருப்பு போடுவதில்லை.

இப்போது உன் விஷயம். கேஸ் மாத்திரை நானும் ஒரு வருஷம் தின்றவன். என்னையும் படுத்தால்தான் அடைத்தது. நானும் இரண்டு தலையணை வைத்தேன், அப்புறம் மூன்று, இப்போது சுவரில் சாய்ந்துகொள்கிறேன். செருப்பு மாட்டக் குனிந்து நிமிர்ந்தால் உனக்கு மூச்சு வாங்குகிறதா? வேனுக்கு டயர் மாற்றும்போது நடுவில் உட்கார்ந்துகொள்கிறாயா? இதற்கெல்லாம் எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

என் மனுவுக்காக நீ வர வேண்டாம். அதை விட்டுவிட்டேன். நீ போய் ஒரு எக்ஸ்ரே எடு. வேலை போய்விடும் என்று பயமாக இருந்தால் ஸ்கூலுக்குத் தெரியாத இடத்தில் எடு. இந்தத் தடவை உன் பேருக்கு நீ நில்.

தணிகைவேல்


தவளக்குப்பம்
29.3.2024, பெரிய வெள்ளி

தணிகை அண்ணாவுக்கு,

எனக்குச் சாபம் கொடுக்கிறீர்களா? சாட்சி சொல்ல வரவில்லை என்றதும் உனக்கும் அதே வியாதிதான் என்று எழுதுகிறீர்கள். இது நியாயமா? பயம் காட்டி வரவழைக்கலாம் என்று நினைத்தீர்களா?

எனக்கு ஒன்றும் இல்லை. தினமும் இருபத்திரண்டு பிள்ளைகளின் பையைத் தூக்கி ஏற்றி இறக்குகிறேன். போன வாரம் ஸ்கூலில் ஓட்டப் பந்தயத்துக்குக் கயிறு பிடிக்கக் கூப்பிட்டார்கள், பிடித்தேன். ஓடவில்லை, ஆனால் பிடித்தேன்.

இன்றைக்கு மத்தியானம் மாதா கோயிலில் சிலுவைப் பாதை. பதினான்கு தலம். ஒவ்வொரு தலத்திலும் முழங்கால் போட்டு எழுந்து அடுத்ததற்கு நடக்க வேண்டும். ஒன்பதாவது தலத்தில் முழங்கால் போட்டவன் எழுந்திருக்கவில்லை. கூட்டம் என்னைத் தாண்டிப் பத்தாவதுக்குப் போய்விட்டது. சகாயராணி மட்டும் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நோன்பு, அதுவும் இந்த வெயிலில். வெறும் வயிறு. வேறு ஒன்றும் இல்லை.

இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றே தெரியவில்லை. கோபத்தில் எழுத உட்கார்ந்தேன்.

இனிமேல் எழுதாதீர்கள் அண்ணா. உங்கள் கடிதம் வந்தால் அன்றைக்கு முழுக்க என் மூச்சையே கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

சார்லஸ்


காட்டேரிக்குப்பம்
12 ஏப்ரல் 2024

சார்லஸுக்கு,

எழுதாதே என்றாய். இது கடைசி. பயமுறுத்துவது எதுவும் இதில் இல்லை.

ஏப்ரல் முதல் வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். காலில் வீக்கம் ஏறி வயிறு வரைக்கும் வந்துவிட்டது. ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். பக்கத்துப் படுக்கையில் ஒருவர், ஜல்லி அரைக்கும் கிரஷரில் இருந்தவர். இரண்டு பேரும் பேசாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஆறு நாள் இருந்தோம். பேசினால் மூச்சு செலவாகும். ஏழாம் நாள் அவர் படுக்கையில் வேறு ஆள்.

பத்தாம் தேதி டாக்டர் சுவேதாவே குழு முன்னால் வந்தது. பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியது. பழைய படத்தில் இடது பக்கம் ஆறாவது விலா எலும்பு எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடியிருக்கிறது. என் புதுப் படத்தில் அந்த எலும்பு நேராக இருக்கிறது. "ஒடிஞ்ச எலும்பு கூடும் சார். கூடின கோணல் தானா நிமிராது. பழைய படம் இவருடையதே இல்லை" என்றது. குழுவில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப இது யார் நெஞ்சுங்க?"

அந்த எலும்பு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? 2014 மழையில் மேலிருந்து கல் உருண்டு உன் விலாவில் அடித்ததும், உன்னை முதுகில் சுமந்து ரோட்டுக்கு வந்ததும், ஆஸ்பத்திரிக்குப் போனால் மேஸ்திரி திட்டுவான் என்று நாட்டுக்கட்டுப் போட்டதும் எல்லாம் நினைவுக்கு வந்தது. "ஞாபகம் இல்லைங்க" என்றேன். டாக்டருக்கு என் மேல் கோபம். வெளியே வந்து, "உங்க கேஸை நீங்களே கெடுக்குறீங்களே" என்று திட்டியது. விஜயகுமாரிக்கும் கோபம்தான். அவள் வழியெல்லாம் பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

அந்த ஆள் நேரில் வந்து எலும்பைக் காட்டாமல் முடிவு சொல்ல முடியாதாம். எலெக்‌ஷன் முடியட்டும் என்று மே 9-க்குத் தள்ளியிருக்கிறார்கள். அதுதான் கடைசித் தேதி. மனுவைத் தள்ளுபடி செய்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். என் நெஞ்சுக்கு உன்னை நிற்க வைத்தது முதல் தப்பு. உன் கையிலிருந்து குடத்தை வாங்கி வைத்தது இரண்டாவது. மூன்றாவது ஒன்று வேண்டாம்.

இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

தணிகைவேல்


தவளக்குப்பம்
10.5.2024

தணிகை அண்ணாவுக்கு,

நேற்று நான் வந்ததை அண்ணி சொல்லியிருப்பார்கள். அவர்கள் கிளம்பிப்போன பிறகு நடந்தது அவர்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கடைசிக் கடிதம் ஸ்கூலுக்கு வந்தது. நான்தான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் சகாயராணியிடம் கொடுத்தேன். படித்தாள். எட்டாம் தேதி சாயங்காலம் என் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினாள். அவ்வளவுதான். லீவு கேட்கிற வேலையும் இல்லை, பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது. காலையில் முதல் பஸ் பிடித்தேன்.

நீங்கள் வந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். அண்ணி மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அது அவர்கள் உரிமை. "உங்க அண்ணனால இனிமே பஸ்ஸுல வர முடியாது" என்று மட்டும் அப்புறம் சொன்னார்கள்.

உள்ளே போனதும் மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. "அய்யா, ரெண்டு படமும் என்னுதுதான். ரெண்டு தபா நின்னேன். கேஸ் போடணும்னா போட்டுக்கோங்க" என்றேன். அந்தப் பெரியவர் கேஸைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. என் பேரில் இருந்த 2019 படத்தை எடுத்தார், உங்கள் பேரில் இருந்ததை எடுத்தார். இரண்டிலும் அதே கோணல். இருந்தாலும் நேரில் ஒத்துப்பார்க்க வேண்டும் என்று என்னைப் புதிதாக ஒரு படம் எடுத்துவரச் சொன்னார்கள். கீழேயே எடுத்தார்கள். விலா ஒத்துப்போயிற்று. உங்கள் மனு ஜெயித்தது அண்ணா. கல் புழுதி வியாதி என்று சான்று தரப்போகிறார்கள். பத்து நாளில் தயாராகிவிடும், நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அண்ணி அழுதார்கள். என்னிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்கள்.

நானும் கிளம்பினேன். டாக்டர் சுவேதா பின்னாலேயே வந்து, "நீங்க கொஞ்சம் இருங்க" என்றது. எலும்பைப் பார்க்க எடுத்த படத்தில் எலும்பு மட்டுமா தெரியும்? பெஞ்சில் உட்காரவைத்து, படத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னது. இரண்டு பக்கமும் இருக்கிறது. உங்களைவிடக் குறைவு, ஆனால் வேகமாக வளர்கிற மாதிரி தெரிகிறதாம். "நான் வேன் ஓட்டணும்மா, பிள்ளைங்க இருக்குது" என்றேன். பிள்ளைகள் என் பிள்ளைகள் இல்லை, ஸ்கூல் பிள்ளைகள். ஆனாலும் அதுதான் வாயில் வந்தது.

நானும் உடனே மனுப் போட வேண்டும் என்றது. கையோடு எழுதிக் கொடுத்தேன். அங்கேதான் சிக்கல். 2019-ல் என் நெஞ்சு நிஜமாகவே சுத்தம். உங்களுக்குச் சொன்ன அதே நியாயத்தை எனக்கும் சொல்கிறார்கள், என் விஷயத்தில் படமும் பொய் இல்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் நான் காய்ந்த குழி அடித்தேன் என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. குவாரி பதிவேட்டில் கடைசி நாள் வரைக்கும் என்னை "தண்ணி ஊத்தும் ஹெல்பர்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றுகிறவனுக்கு எப்படிப் புழுதி என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

கூட வேலை பார்த்த ஒருவர் நேரில் வந்து வாக்குமூலம் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களாம். அப்போது அந்தப் பாறையில் நாம் இரண்டு பேர்தான் அண்ணா.

ஜூன் 12 தேதி கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கிறேன்.

சகாயராணியிடம் இன்னும் சொல்லவில்லை. கேஸ் ட்ரபிள் என்றே இருக்கட்டும், ஸ்கூல் திறக்கிற வரைக்கும்.

சார்லஸ்


காட்டேரிக்குப்பம்
21 மே 2024

சார்லஸுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று ஒன்றும் சாப்பிடவில்லை. உன் உடம்பைப் பற்றி நான் எழுதியது பலிக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

டாக்டர் சுவேதா போன வாரம் கிராமத்து முகாமுக்கு வந்தபோது வீட்டுக்கு வந்து பார்த்தது. ஜூன் 12 வரைக்கும் தாங்குவேனா என்று கேட்டேன். சுற்றி வளைக்காமல், "தெரியலங்க" என்றது. அதனால் நேற்றே போய்விட்டேன். தேதிக்கு முன்னால் வாக்குமூலம் எடுக்கமாட்டோம் என்றுதான் முதலில் சொன்னார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். எடுத்துக்கொண்டார்கள்.

ஆட்டோவில் போனேன். சுகாதார நிலையத்தில் ஒரு சின்ன சிலிண்டர் கொடுத்தார்கள். விஜயகுமாரி அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். டைப் அடிக்கும் அம்மா பெயர் காசம்மாள், நல்ல மாதிரி. நான் ஒரு வரி சொல்வேன், நிறுத்துவேன், அவர் காத்திருப்பார். மூன்று பக்கத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

எல்லாம் சொல்லிவிட்டேன். 2019 செப்டம்பரிலிருந்து நீ மெஷின் பிடித்தாய், தண்ணீர் ஊற்றவில்லை, பதிவேட்டில் எழுதியது பொய். குடத்தை ஓரமாக வைக்கச் சொன்னவன் நான். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்ற ஆசையில் சொன்னேன். காசம்மாள் கையை எடுத்துவிட்டு, "இப்டி எழுதினா பழி உங்க மேல வருதே, இது வேணுமா?" என்று கேட்டார். அடிக்கச் சொன்னேன். படித்துக் காட்டினார். மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். முத்திரை வைத்து உன் மனுவோடு சேர்த்துவிட்டார்கள், என் கண் முன்னால். இனிமேல் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது செல்லும் என்றார்கள். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

சகாயராணியிடம் சொல்லிவிடு. விஜயகுமாரியிடம் நான் ஒரு வருஷம் மறைத்தேன். அந்த ஒரு வருஷம் அவள் எனக்குத் தனித் தம்ளர் வைத்த நாட்களைவிட அதிகமாகக் கஷ்டப்பட்டாள், எனக்குத்தான் தெரியவில்லை. உனக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது, டாக்டர் கொடுக்கிற மாத்திரையை விடாதே. புழுதியில் நிற்காதே. உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உனக்கு என்மேல் இருந்தால் அது நியாயம்தான்.

என் சான்றிதழ் தயாராகிவிட்டது. பக்கத்து ஜன்னலில்தான் கொடுக்கிறார்கள். பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். கேட்டிருந்தால் முன்னால் விட்டிருப்பார்கள். உனக்கான வாக்குமூலம் முடிந்தபோது சிலிண்டரில் வீடு வந்து சேரும் அளவுக்குத்தான் காற்று இருந்தது. ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

விஜயகுமாரி மறுபடி போகலாம் என்றால் என்னைத் தனியாக விட்டுப் போக வேண்டும். அதனால் நீ போ. எப்போது முடிகிறதோ அப்போது போனால் போதும். இந்தக் கடிதத்தையே காட்டினால் கொடுப்பார்கள். காசம்மாளிடம் கேட்டுவிட்டேன், கீழே இருக்கிற மாதிரி எழுதச் சொன்னார். வாங்கி விஜயகுமாரி கையில் கொடு.

ஆபீசருக்கு: என் பெயரில் உள்ள சான்றிதழை இந்தக் கடிதம் கொண்டுவரும் திரு. சார்லஸிடம் கொடுக்கச் சம்மதிக்கிறேன். என்னால் நேரில் வர இயலாது. இவரை எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும்.

தணிகைவேல்